இடது பக்கம் சுத்தம்

"பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது?" என்று கேட்டார் முதலாளி.

அக்கா உஷாரானாள். முதலாளி இப்படிச் சாதுவாகக் கேட்டால் பின்னால் இடி இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் மேஜைமேல் ஒரு புத்தகத்தை விரித்துப் போட்டார். பைண்டிங்கிலிருந்து வந்து பசை வாசனைகூடப் போகாத கையேடு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்காக அச்சடித்துக் கொடுத்தது. இடது பக்கத்தில் காரின் உள்பக்கப் படம். பிரேக்கை நோக்கி அம்புக்குறி போட்டு ஆக்ஸிலரேட்டர் என்றும், ஆக்ஸிலரேட்டரை நோக்கி அம்புக்குறி போட்டு பிரேக் என்றும் பளிச்சென்று அச்சாகியிருந்தது.

"இதைப் படிச்சிட்டு ஒருத்தன் வண்டி எடுத்தான்னா நேரா கடைக்குள்ளதான் நிறுத்துவான். பள்ளிக்காரர் காலையிலேயே போன்ல என்னை வறுத்து எடுத்துட்டார். இது ஒண்ணுதானா? சிக்னல் படம் தலைகீழா நிக்குது. ஒரே பத்தி ரெண்டு தடவை வந்திருக்கு. புரட்டப் புரட்ட வருது."

"படத்துக்குப் பேர் போட்டது நான்தான் சார். என் தப்பு."

"நீங்க தப்புப் பண்ணலாம்க்கா. டைப் அடிக்கிறவங்க தப்புப் பண்ணலாம். தப்பு வரும்னு தெரிஞ்சுதானே அதைப் பிடிக்க ஒருத்தனை உக்கார வெச்சிருக்கேன்? அவன் எங்க போனான்?"

அந்த ஒருத்தன் அக்காவின் சொந்தத் தம்பி.

அச்சகத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தானென்றால் ஒரு புள்ளி இடம் மாறி விழுந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். நாளடைவில் பெயர் தேய்ந்து வெறும் பூதமாகிவிட்டது. அவன் வாய்க்கு வாய் 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டதில், பக்கம் வடிவமைக்கும் அவளும் அச்சகத்துக்கே அக்காவாகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த முதலாளிக்கும் அக்காதான்.

"எதிர்க் கடை பிரஸ்காரன் அவனைக் கூப்பிட்டுப் பேசினானாமே? என் காதுக்கு எல்லாம் வரும்."

"கூப்பிட்டது நிஜம் சார். வரமாட்டேன்னு சொல்லிட்டான்."

"வரமாட்டேன்னு சொன்னானா, இல்ல இங்கேயே இருந்து குழி பறிக்கிறேன்னு சொன்னானா?"

அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. முதலாளி புத்தகத்தை மூடினார்.

"புத்தகத்தை மறுபடி அச்சடிச்சுத் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா காரணம் தெரியணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா உங்க தம்பி நாளைக்கு வரவேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களைச் சொல்லல" என்றார்.

அதுதான் அதிகமாகச் சுட்டது.

பூதம் மாடி அறையின் கோடியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் அகலமான புது மானிட்டர். முதலாளி ஆசையாக வாங்கிப் போட்டது. அதில் இரண்டு பக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில், விரித்த புத்தகம் மாதிரி நின்றன. கீழே அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வில் மேஜைமேலிருந்த டீ கிளாஸ் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

"டேய், டிரைவிங் கையேட்டை நீ முழுசாப் பார்த்தியா?"

"பார்க்காம? வரி விடாம பார்த்தேன். ஏன், முதலாளி பாராட்டினாரா?"

"ஆமா, மாலை கட்டிட்டு இருக்கார். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மாத்தி வெச்சிருக்கேன். அது உன் கண்ணுக்குப் படலையா?"

"அப்படி ஒரு படமே அதுல இல்லையேக்கா."

அக்கா கையோடு கொண்டுவந்த புத்தகத்தை அவன் முன்னால் விரித்துத் தட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். நிதானமாகப் பார்த்தான்.

"இதுல சீட் பெல்ட் பத்தித்தான் இருக்கு."

"விளையாடாதே. கண்ணு முன்னாடி இருக்கு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். அக்கா பொறுமை இழந்து, புத்தகத்தையே அவன் வலது கைப்பக்கம் இழுத்துப் படத்தின்மேல் விரலை ஊன்றினாள். அப்போதுதான் அவன் முகம் மாறியது. ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்துப் போனான்.

"இது... என்கிட்ட வந்த ஃபைல்ல இது இல்ல."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமா இல்லக்கா."

"அனுப்பினது நான். எனக்குத் தெரியாதா? எதிர்க் கடைக்குப் போகணும்னா நேரா சொல்லிட்டுப் போ. என் மானத்தை வாங்காதே."

பூதம் படத்தையே பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தான்.

அக்கா தன் இடத்துக்கு வந்து, அவன் திருத்திக் கொடுத்த கோப்பைத் திறந்தாள். அவள் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவள். நகர்த்திப் பார்த்தாள். சில பக்கங்களில் சிவப்புத் திருத்தங்கள் மொய்த்துக் கிடந்தன. சில பக்கங்களில் ஒன்றுகூட இல்லை. அதில் என்ன கணக்கு என்று பிடிபடவில்லை.

"மொத்தமாக் காட்டுங்க, பார்ப்போம்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். முதலாளி எப்போது வந்து பின்னால் நின்றாரோ!

அவள் 'வியூ' மெனுவுக்குப் போய், பக்கங்களை எதிரெதிராக ஜோடி சேர்த்துக் காட்டும்படி மாற்றினாள். முதல் பக்கம் வலது பக்கம் தனியாகப் போய் நின்றது. அதற்கப்புறம் இரண்டும் மூன்றும். நான்கும் ஐந்தும். ஆறும் ஏழும். சிறிதாக்கி, வேகமாக நகர்த்தினாள்.

அவள் கை நின்றுவிட்டது.

வலது பக்கம் முழுக்கச் சிவப்பு. இடது பக்கம் சுத்தம். அடுத்த ஜோடியிலும் வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் சுத்தம். கடைசி வரைக்கும் அப்படியே போயிற்று. நடுவில் யாரோ கோடு கிழித்து, இந்தப் பக்கம் வராதே என்று சொன்ன மாதிரி.

"அடேங்கப்பா!" முதலாளி கையைத் தட்டினார். "ஒண்ணு விட்டு ஒண்ணு பார்த்திருக்கான். பாதி வேலை, முழுச் சம்பளம்! தேடின காரணம் கிடைச்சிடுச்சு இல்ல?"

தம்பியைக் காப்பாற்றத் திறந்த கோப்பு. அவளே சாட்சியைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டாள்.

முதலாளி நாலு எட்டில் அறைக்கோடிக்குப் போய்விட்டார். குரல் மட்டும் வந்தது.

"எழுந்திருப்பா. கிளம்பு."

"சார், நான் எல்லாப் பக்கமும் பார்த்தேன் சார்."

"உங்க அக்கா ஸ்கிரீன்ல வந்து பாரு. இடது பக்கம் ஒண்ணுலயாவது உன் திருத்தம் இருக்கா? எவன்கிட்ட கை நீட்டினியோ அவன்கிட்டயே போ."

அந்த வார்த்தை விழுந்ததும் பூதம் எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்தான். அக்காவின் மேஜையைக் கடக்கும்போது அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலில் கதவு நிலையில் இடது தோள் மடேரென்று இடித்தது. கோபத்தில் இடித்துக்கொண்டு போகிறான் என்றுதான் முதலாளி நினைத்தார். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

அவன் காலடிச் சத்தம் படியில் இறங்கியது.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. சோம்பேறித்தனம் அவனுக்கு ஒத்துவராத குணம். ஓட்டல் மெனு கார்டில்கூடத் தப்புக் கண்டுபிடித்து சர்வரிடம் திட்டு வாங்குகிறவன். அவன் எப்போதிலிருந்து பாதி வேலை பார்க்க ஆரம்பித்தான்?

புது மானிட்டர் வருவதற்கு முன்னால் அவன் பார்த்த புத்தகத்தைத் திறந்தாள். பழைய சின்ன மானிட்டரில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தது. இடது, வலது எல்லாப் பக்கத்திலும் சிவப்பு இருந்தது. மூச்சு வந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தவளுக்கு ஒரு தப்பு கண்ணில் பட்டது. அவன் விட்டுவிட்ட தப்பு. வரியின் முதல் வார்த்தை. கீழே இன்னொன்று. அதுவும் வரியின் ஆரம்பத்தில். இந்தக் கோப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களாக மாற்றிச் சிறிதாக்கினாள்.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பெல்லாம் வலது பாதியில் குவிந்திருந்தது. இடது ஓரம், மேலிருந்து கீழ்வரை, கத்தரித்து எடுத்த மாதிரி வெறுமை.

சோம்பேறி பக்கத்தை விடுவான். சதிகாரனும் பக்கத்தை விடுவான். ஒவ்வொரு வரியிலும் தலையை மட்டும் விட்டுவிட்டு வாலைத் திருத்துகிற சதிகாரன் எந்த ஊரில் இருக்கிறான்?

அதற்கும் முந்தைய புத்தகத்தைத் திறந்தாள். அதில் ஓரம், நடு, எல்லா இடத்திலும் சிவப்பு. பழைய பூதம். அப்படியானால் இது நடுவில் வந்தது. கொஞ்சங்கொஞ்சமாக வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து மோதின. இந்த வாரம் முழுக்க அவன் டிபன் பாக்ஸில் இடது பக்கத்துச் சோறு அப்படியே திரும்பி வந்தது. 'என் சமையல் உனக்குப் பாதிதான் பிடிக்குதோ?' என்று குத்திக் காட்டினாள். இடது கன்னத்தில் சவரம் செய்யாத ரோமம். 'மீதிக் கன்னம் நாளைக்கா?' என்று சிரித்தாள். இப்போது கதவு நிலை. புத்தகத்தை வலது பக்கம் இழுத்து வைத்த பிறகுதான் அவனுக்குப் படம் தெரிந்தது. 'ஃபைல்ல இல்ல' என்றானே, அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அங்கே ஒரு பக்கமே இல்லை.

இடது பக்கத்தில் ஒரு உலகம் இருப்பதே தெரியாத மனிதன், கையில் ஹெல்மெட்டோடு போயிருக்கிறான்.

"சார்! அவனை நிறுத்துங்க!"

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே கழன்றது. கீழே இயந்திரக் கூடத்தின் இரைச்சலில் அவள் கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் இல்லை.

அவன் ஏற்கனவே பைக்கோடு கேட்டுக்குப் போய்விட்டான். சாலையைக் கடந்து அந்தப் பக்கம் ஏறக் காத்திருந்தான். வலது பக்கம் பார்த்தான். ஒரு கார் போனது, ஒரு வேன் போனது. வலது பக்கம் காலி. இடது பக்கத்திலிருந்து காகிதக் கட்டுகள் ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

பூதம் தரையிலிருந்து காலை எடுத்தான்.

அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் திரும்பிப் பார்க்க நேரமில்லை. பாய்ந்து போய் பைக்கின் பின்கம்பியைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். வண்டி கோணலாகச் சாய்ந்தது. இரண்டு பேரும் கேட்டுக்குள் மண்ணில் விழுந்தார்கள். லாரி புழுதியை அவர்கள் முகத்தில் வீசிவிட்டுப் போயிற்று.

"பைத்தியமா உனக்கு? கொல்லப் பார்க்கிறியா?" தம்பி கத்தினான்.

"லாரியைப் பார்த்தியா?"

"எந்த லாரி?"

"இப்பப் போச்சேடா!"

"ஹாரன் கேட்டுது. எங்கேயோ பின்னாடின்னு நினைச்சேன்."

அக்கா எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல் அவன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தி, தன் கையை அவன் இடது காதுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் விரல்களை விரித்தாள்.

"நேராப் பாரு. எத்தனை விரல்?"

"எந்தக் கையில?"

அக்காவுக்கு அழுகை வந்தது. கையைக் கொஞ்சங்கொஞ்சமாக அவன் மூக்குக்கு நேரே கொண்டுவந்தாள். மூக்கைத் தாண்டியபோதுதான் அவன் விழி அதைப் பிடித்தது.

"இது எங்கேயிருந்து வந்துது?" என்றான், குழந்தை மாதிரி.

பின்னால் முதலாளி மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் கையில் அக்காவின் செருப்பு ஒன்று இருந்தது. என்ன பார்த்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியவில்லை. செருப்பை அவள் காலடியில் வைத்தார்.

"காரை எடுக்கிறேன்" என்றார்.

மருத்துவமனையில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்குத் திரையில் மாட்டினாள். மூளையின் வலது பக்கம், பின்னால், வெள்ளையாக ஒரு உருண்டை.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. கண்ணு அனுப்பறதை வாங்கிக்கிற இடத்தை இந்தக் கட்டி அழுத்துது. வலது மூளை இடது பக்கத்தைப் பார்த்துக்குது. அதனால இவருக்கு இடது பக்கம் இருட்டா இல்ல, அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே இல்ல. மெதுவா வளர்ந்ததால அவருக்கே தெரியல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"புத்தகத்தை விரிச்சுப் பார்த்தோம்" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

"பார்த்தா கெட்ட கட்டி மாதிரி தெரியல. எடுத்திடலாம். உயிருக்கு நான் தைரியம் சொல்றேன். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது."

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பூதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இடது பக்கம் வரலைன்னா? எனக்கு வேற வேலை தெரியாதே."

"வலது பக்கம் மட்டும் அச்சடிக்கிற புத்தகமா ஆர்டர் பிடிக்கச் சொல்றேன். போடா."

"பேப்பர் ரெட்டிப்பாகும். முதலாளி நெஞ்சைப் பிடிச்சுக்குவார்."

கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. பரிசோதனைக்கூடத்திலிருந்தும் நல்ல வார்த்தைதான் வந்தது; மறுபடி வளர்கிற ஜாதி இல்லையாம். ஆனால் இடது பக்கம் மட்டும் திரும்பி வருகிற வழியாக இல்லை. நர்ஸ் மாத்திரையை இடது பக்கம் வைத்துவிட்டுப் போனால் 'மாத்திரையே தரல' என்று பூதம் சண்டை போட்டான். டாக்டரம்மா தினமும் விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, 'வீக்கம் வடியட்டும்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அக்கா எப்போதும் அவனுக்கு வலது பக்கத்து ஸ்டூலில் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் முதலாளி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தவர், காலியாக இருந்த இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா எழுந்திருக்கப் போனாள். அவர் கையமர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூதத்துக்கு வாய் திறக்க வேண்டும்.

"அந்த ஆளு வந்து எட்டிப் பார்த்தாரா?"

"யாரு?"

"வேற யாரு, உன் முதலாளி. டீயில சர்க்கரை ஒரு கல்லு கூடிட்டாலே எவனோ சதி பண்ணிட்டான்னு நினைக்கிற ஜென்மம்."

அக்கா இருமினாள்.

"தண்ணியைக் குடி. நான் எதிர்க் கடைக்கு உளவாளியாம்! அந்தக் கடையில ஃபேன்கூட ஓடாது. அங்க போய் வேகறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?"

அக்கா இன்னும் பலமாக இருமினாள். கண்ணைக் காட்டினாள், புருவத்தைத் தூக்கினாள். முதலாளியோ, விடுங்க, பேசட்டும் என்று கையால் ஜாடை காட்டினார். அவர் முகம் கன்றியிருந்தது.

"கை நீட்டினியாமே! என்னைப் பார்த்து! ஒரு நாள் லேட்டா வந்திருப்பேனா? இருமாதேக்கா, தையல் எனக்கா உனக்கா? பேச்சு அப்படின்னா சட்டை அதுக்கு மேல. கிளியே பார்த்துக் கூசிப்போற பச்சை. வேற சட்டையே கிடைக்கல அவருக்கு. இன்னிக்கும் அதையேதான் மாட்டிக்கிட்டு வந்து..."

பூதத்தின் வாய் திறந்தபடியே நின்றது.

வார்டில் எங்கேயோ தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

அவன் கழுத்தைத் திருப்பவில்லை. விழிகள் மட்டும், இத்தனை நாளும் எட்டிப் பார்க்காத மூலைக்கு, மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தன.

"சார்..." என்றான். "எப்ப வந்தீங்க?"

முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். பச்சையா ஒரு ஓரம்... தெரியுது."

"அக்கா!" முதலாளியின் குரல் பிசிறடித்தது. "டாக்டரைக் கூப்பிடுங்கக்கா. ஓடுங்க!"

அக்கா ஓடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்" என்றான் பூதம். "கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"பரவால்லப்பா. அன்னிக்கு நான் பேசினதுக்கு இது குறைச்சல்தான். டாக்டர் வர்ற வரைக்கும் இன்னும் கொஞ்சம் திட்டு. கண்ணை மட்டும் இந்தப் பக்கமே வெச்சுக்கோ. என்னைப் பார்த்துக்கிட்டே திட்டு."

பூதம் பார்த்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த அந்தப் பச்சையை மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டினான். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினான். அவன் நெற்றி லேசாகச் சுருங்கியது. அக்காவுக்கு அந்தச் சுருக்கம் நன்றாகத் தெரியும். பக்கத்தில் எங்கேயோ ஒன்று இடம் மாறிக் கிடந்தால் மட்டும் விழுகிற சுருக்கம்.

"சார்," என்றான், "பொத்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க."

முதலாளி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.